கொலோனஸ் பெற்ற கவிஞர் சோபோக்ளிஸ்

கி.மு. 480ஆம் ஆண்டு சலாமிஸ் தீவின் அருகே நடந்த கடற்போரில் பாரசீகப் பேரரசின் கப்பற்படையைக் கிரேக்கர் முறியடித்தனர். அந்த ஒரு நாளைக் கொண்டே கிரேக்கத் துன்பியல் நாடகத்தின் மூவரையும் இணைத்துச் சொல்வது பழைய ஆசிரியர்தம் வழக்கம். எஸ்கிலஸ் அப்போரில் படைக்கலம் ஏந்தினார். சோபோக்ளிஸ் வெற்றி விழாவில் யாழேந்தி இளைஞர் குழுவை நடத்திச் சென்றார். யூரிப்பிடிஸ் அன்றுதான் பிறந்தார் என்பர். மூன்றாவது செய்தி கதையின் அழகுக்காகச் சேர்க்கப்பட்டது போலும். முதலிரண்டையும் நாம் நம்பலாம்.

இம்மூவருள் நடுவில் நிற்கும் சோபோக்ளிசின் வாழ்வையே ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம். ஊழின் கைப்பட்டு ஒரே நாளில் அனைத்தையும் இழந்த ஒரு மன்னனின் கதையைத் தம் நடுவயதில் எழுதிப் புகழின் உச்சியைத் தொட்டவர் அவர். ஏறத்தாழத் தொண்ணூறாம் வயதில், சாவின் வாயிலில் நின்றுகொண்டு, அதே மன்னனை மீண்டும் அழைத்து வந்து அவனுக்கொரு புகலிடம் தேடித் தந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவருக்கும் அவர் நகருக்கும் அவர் குடும்பத்துக்கும் நேர்ந்தவற்றை அறிந்தால்தான் அந்த இரண்டாம் நாடகத்தின் ஆழம் நமக்கு விளங்கும்.

ஏதென்ஸ் நகருக்கு வடக்கே, சுமார் 2 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கொலோனஸ் என்னும் சிற்றூரில் கி.மு. 496 அளவில் சோபோக்ளிஸ் பிறந்தார். தந்தை சோபில்லஸ் படைக்கலப் பட்டறை வைத்திருந்த செல்வர் என்பர். இசையும் ஆடலும் உடற்பயிற்சியும் முறையாகக் கற்ற அவர், இளமையில் தம் நாடகங்களில் தாமே நடித்ததும் உண்டு. ஒரு நாடகத்தில் யாழிசைப்போராகவும், மற்றொன்றில் பந்தாடும் இளவரசியாகவும் தோன்றி மக்களை மகிழ்வித்தார். ஆயின் குரல் வலிமை போதாமையால் நடிப்பைக் கைவிட்டார். திறந்தவெளி அரங்கில் பல்லாயிரவர் செவிக்கு எட்டப் பேசவேண்டிய கலை அது. அவர் குரல் எட்டாத இடத்துக்கெல்லாம் அவர் எழுத்து சென்று சேர்ந்தது.

கி.மு. 468இல் டயோனைசஸ் விழா நாடகப் போட்டியில், சற்றேறக்குறைய இருபத்தெட்டு வயதினரான இவ்விளைஞர், நாடகத் தந்தையென மதிக்கப்பெற்ற எஸ்கிலசை வென்றார். அரங்கில் இரு சாரார்க்கும் பூசல் முற்றவே, வழக்கப்படி குலுக்கலில் நடுவரைத் தேர்ந்தெடுக்காமல், படைத்தலைவர் கைமனையும் அவர்தம் உடன் தலைவர்களையும் நடுவராக அமர்த்தினர் என்று புளூட்டார்க் எழுதியுள்ளார். இந்தக் கைமன்தான் ஸ்கைரஸ் தீவிலிருந்து, பண்டை மன்னன் தீசியசின் எலும்புகள் என்று நம்பப்பட்டவற்றை ஏதென்சுக்குக் கொணர்ந்து அடக்கம் செய்தவர். மாவீரர் ஒருவரின் கல்லறை ஒரு நகரைக் காக்கும் என்பது அம்மக்களின் உறுதியான நம்பிக்கை. இந்நம்பிக்கை நமக்கு உடன்பாடானதன்று. எனினும் இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தீசியசும் கல்லறையும் பின்னர் வரவுள்ளன.

அன்று தொடங்கிய வெற்றி இறுதிவரை நீடித்தது. நூற்றிருபதுக்கும் மேற்பட்ட நாடகங்களை அவர் எழுதினார். அவ்விழாவில் 18 முறை முதற்பரிசு பெற்றார். மூன்றாம் இடத்துக்கு ஒருமுறையும் தாழ்ந்ததில்லை. நம் கைக்கு முழுமையாகக் கிடைத்தவை ஏழே.

மேடையில் இரு நடிகர் மட்டுமே பேசிவந்த நிலையை மாற்றி மூன்றாம் நடிகரைப் புகுத்தியவர் அவரே என்று அரிஸ்டாட்டில் கூறுகிறார். இருவர் பேசும்போது வாதம் பிறக்கும். மூன்றாமவர் வந்து நிற்கும்போதுதான் ஒருவரறியாமல் மற்றொருவர் உண்மையை உணரும் நுட்பம் பிறக்கும். ‘ஈடிபஸ் மன்னன்’ நாடகத்தின் உயிர்நிலையே இதுதான். தூதுவனும் மன்னனும் பேசிக்கொண்டிருக்க, அருகில் வாய்பேசாது நிற்கும் அரசி ஜொகாஸ்டா முதலில் எல்லாவற்றையும் புரிந்துகொள்கிறாள்.

துன்பியலுக்கு இலக்கணம் வகுத்த அரிஸ்டாட்டில் இந்நாடகத்தையே மீண்டும் மீண்டும் சான்று காட்டினார். அவருடைய ‘கவிதையியல்’ சிரியாக் மொழி வழியாகப் பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் அபூ பிஷ்ர் மத்தா என்பவரால் அரபு மொழிக்குப் பெயர்க்கப்பட்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கொர்தோவாவின் இப்னு ருஷ்து அதற்கு உரை வகுத்தார். ஆயின் நாடகங்கள் அரபியில் பெயர்க்கப்படவில்லை. அரங்கைக் காணாமல் இலக்கணத்தை மட்டும் கண்ட அவ்வறிஞர்கள், துன்பியலைப் புகழ்ச்சிப் பாடல் என்றும் இன்பியலை வசைப்பாடல் என்றும் பொருள் கொண்டனர். அதனை எள்ளி நகையாடுவோர் உளர். பார்த்திராத கலையொன்றைத் தம் கையிலிருந்த மரபைக் கொண்டு அளக்க முயன்ற அந்த உழைப்பை நாம் மதிக்கவே செய்கிறோம். அக்கடனை இருபதாம் நூற்றாண்டில் எகிப்து அடைத்தது. சிறுவயதிலேயே பார்வை இழந்த பேரறிஞர் தாஹா ஹுசைன், சோபோக்ளிசின் நாடகங்களை அரபியில் தந்தார். தவ்ஃபீக் அல் ஹக்கீம் 1949இல் ஈடிபஸ் கதையைத் தம் நோக்கில் புதிய நாடகமாகவே எழுதினார். கண்ணிழந்த மன்னனின் கதையைக் கண்ணிழந்த அறிஞர் ஒருவர் பெயர்த்தார் என்பது எண்ணத்தக்கது.

மீண்டும் ஏதென்சுக்கு வருவோம். கவிஞர் தனித்து வாழ்ந்தவர் அல்லர். கி.மு. 443/442இல் ஏதென்ஸ் கூட்டணியின் பொருளாளருள் ஒருவராக இருந்தார். கி.மு. 441/440இல் பெரிக்ளிசுடன் பதின்மர் படைத்தலைவருள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டுச் சேமோஸ் தீவுப் போருக்குச் சென்றார். ‘ஆன்டிகனி’ நாடகத்தின் புகழே இப்பதவியைத் தேடித் தந்தது என்பது பழைய செய்தி. நல்ல நாடகம் எழுதியவரைப் படைத்தலைவராக்கிய மக்களை எண்ணி வியக்கிறோம். அவருக்குக் கவிதை தெரிந்த அளவு போர்த்தொழில் தெரியாது என்று பெரிக்ளிஸ் கருதியதாகவும் ஒரு குறிப்பு உண்டு. அதனை அவரே நண்பர்களிடம் சிரித்துக்கொண்டு சொல்லிக்காட்டினார் என்பதால், அவர் இயல்பு எத்தகையது என்பது புலனாகும்.

அவர்தம் இல்லற வாழ்வுக்கு ஒரு சட்டம் பின்னணியாக அமைந்தது. தாய் தந்தை இருவரும் ஏதென்ஸ் குடியினராயிருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு என்று கி.மு. 451இல் பெரிக்ளிஸ் சட்டம் கொணர்ந்தார். சோபோக்ளிசின் மனைவி நிக்கோஸ்ட்ராட்டி வழிப் பிறந்தவர் ஐயோபன். தந்தையைப் போலவே நாடகக் கவிஞர். சிசியோன் நகரத்தாளான தியோரிஸ் வழிப் பிறந்தவர் அரிஸ்டன். அயலூர்த் தாயின் மகனாதலால் சட்டத்தின் கண்ணில் அரிஸ்டன் உரிமை குறைந்தவர். அவர் மகனுக்குப் பாட்டனார் பெயரே இடப்பட்டது. இளைய சோபோக்ளிஸ் எனப்படும் அப்பேரனிடம் முதியவர் மிகுந்த பற்றுக் கொண்டிருந்தார் என்பர். ஒரே இல்லத்தில் உரிமையுள்ள மகன் ஒருபுறம், உள்ளம் நாடிய பேரன் மறுபுறம். இது கிரேக்கத்துக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று.

கி.மு. 431இல் ஏதென்சுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் பெரும்போர் மூண்டது. மறு ஆண்டே கொள்ளைநோய் நகருக்குள் புகுந்தது. கி.மு. 429இல் பெரிக்ளிசையும் அது கொண்டுசென்றது. கொள்ளைநோயால் வாடும் தீப்ஸ் நகரில் தொடங்கும் ‘ஈடிபஸ் மன்னன்’ இதன் பின்னரே எழுந்தது என்பது அறிஞர் பலர் கருத்து.

கதை நாம் அறிந்ததே. தன் மகன் கையால் சாவாய் என்று தீப்ஸ் மன்னன் லையசுக்கு அருள்வாக்கு உரைக்கப்பட்டது. பிறந்த குழந்தையின் கணுக்கால்களைத் துளைத்து மலையில் எறிந்துவிட ஆணையிட்டான். இரங்கிய இடையன் காத்துக் கைம்மாற்ற, குழந்தை கொரிந்து அரண்மனையில் வளர்ந்தது. வீங்கிய பாதத்தான் என்னும் பொருளில் ஈடிபஸ் எனப் பெயர் பெற்றது. தந்தையைக் கொன்று தாயை மணப்பாய் என்ற வாக்கை டெல்பியில் கேட்ட இளைஞன், வளர்த்தோரைப் பெற்றோர் எனக் கருதி, அவர்களைக் காப்பதற்காகவே ஊரைவிட்டு ஓடினான். ஓடிய பாதையிலேயே முச்சந்தியில் ஒரு முதியவரை வழிச்சண்டையில் கொன்றான். தீப்சைப் பிடித்திருந்த ஸ்பிங்ஸ் என்னும் பூதத்தின் விடுகதையை விடுவித்தான். அரசும் அரசியும் பரிசாகக் கிடைத்தன. பல்லாண்டுக்குப்பின், லையசைக் கொன்றவனைக் கண்டுபிடித்து நாட்டைக் காக்கத் தானே விசாரணை தொடங்கித் தன்னையே கண்டுபிடித்தான். ஜொகாஸ்டா தூக்கிட்டு மாண்டாள். அவளது ஆடையில் குத்தியிருந்த ஊசிகளைக் கொண்டு அவன் தன் கண்களைக் குத்திக்கொண்டான்.

இக்கதையைத் தமிழில் சொல்லும்போது ‘ஊழ்’ என்னும் சொல் நம் வாயில் இயல்பாகவே வந்துவிடுகிறது. சிறிது நின்று நோக்குதல் நன்று. ஊழ் என்பதற்கு முறைமை, முதிர்தல் என்னும் பொருள்கள் உண்டு. முன்வினையின் பயன் கனிந்து வருவதென்பது நம் இலக்கிய மரபு. கிரேக்கரின் ‘மொய்ரா’ பங்கு எனப் பொருள்படும். அதில் முற்பிறவி இல்லை. அரபியில் ‘கத்ர்’ என்பதன் வேர்ப்பொருள் அளவு. அளந்தவன் ஒருவன் உளன் என்பதும், அவன் நீதியாளன் என்பதும் அதனுள் அடங்கும். அளந்து வைக்கப்பட்டதற்கும் மனிதன் தேர்ந்து செய்வதற்கும் உள்ள உறவு பற்றி இஸ்லாமிய அறிஞர்கள் தொடக்க நூற்றாண்டுகளிலேயே கடுமையாக வாதிட்டனர். சோபோக்ளிஸ் வாதிடவில்லை. எஸ்கிலஸ் கி.மு. 467இல் இதே குடியின் கதையை மூன்று தலைமுறைப் பழியாகத் தொடர்படுத்திக் காட்டினார். சோபோக்ளிசின் நாடகமோ லையஸ் என்ன தவறு செய்தான் என்பதைச் சொல்வதே இல்லை. மலையில் எறியப்பட்ட குழந்தைக்கு எந்த வினையும் இல்லை. நமக்கு ஊழ் என்றால் ஒரு கணக்கு உண்டு; அங்கே கணக்கு காட்டப்படவில்லை. அந்நாடகத்தின் கொடுமை அதுவே.

இந்நாடகத்துக்கு அவ்வாண்டு முதற்பரிசு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுவோம். எஸ்கிலசின் உறவினர் பிலோக்ளிஸ் என்பார் வென்றார். அவர் நாடகம் ஒன்றும் இன்றில்லை.

போர் நீண்டது. கி.மு. 413இல் சிசிலிக்குச் சென்ற ஏதென்சின் பெரும்படை அடியோடு அழிந்தது. அதே ஆண்டில் ஸ்பார்ட்டர் ஏதென்சுக்கு வடக்கே டெசிலியாவில் நிலையாகப் பாசறை அமைத்து ஆண்டு முழுதும் வயல்களை அழித்தனர். நெருக்கடியைச் சமாளிக்க முதியோர் பதின்மரைக் கொண்ட ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. எண்பதைக் கடந்த சோபோக்ளிஸ் அதில் ஓர் உறுப்பினர். கி.மு. 411இல் மக்களாட்சியை நீக்கி நானூற்றுவர் கையில் அதிகாரத்தை ஒப்படைக்கும் தீர்மானம் வந்தபோது, அக்குழுவினர் அதற்கு இசைந்தனர். இது தீயதென்று தெரியாதா என்று பின்னர் வினவப்பட்ட சோபோக்ளிஸ், தெரியும், ஆனால் அப்போது வேறு நல்வழி இல்லை என்று ஒப்புக்கொண்டதாக அரிஸ்டாட்டில் ஒரு நூலில் குறிப்பிடுகிறார். அவர் சுட்டுவது நம் கவிஞரையே என்பது பெரும்பான்மையோர் முடிவு.

தம் மக்களாட்சியைத் தாமே ஒழிக்கும் தீர்மானத்தை நிறைவேற்ற ஏதென்ஸ் மக்கள் அன்று கூடிய இடத்தை வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் குறித்து வைத்துள்ளார். நகருக்குள் அன்று, சுவருக்கு வெளியே, கொலோனசில், பொசைடன் கோயில் வளாகத்தில். கவிஞர் பிறந்த ஊரிலேயே அது நடந்தது. நானூற்றுவர் ஆட்சி நான்கு மாதங்களே நீடித்தது. கொலைகளும் அச்சமும் நிறைந்த மாதங்கள் அவை. ஊரின் பெயரோடு அந்நினைவும் ஒட்டிக்கொண்டிருக்கும். இதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின்னரே கொலோனசைப் புனிதப் புகலிடமாகப் பாடும் நாடகம் எழுந்தது என்பதை நாம் தற்செயல் எனக் கருதவில்லை.

இக்காலத்ததாகச் சொல்லப்படும் மற்றொரு நிகழ்ச்சி உலகப் புகழ் பெற்றது. தந்தை அறிவு தடுமாறிவிட்டார், குடும்பச் சொத்தை நிருவகிக்கும் தகுதியற்றவர் என்று மகனே வழக்குத் தொடுத்தானாம். ஏதென்ஸ் சட்டத்தில் அதற்கு இடமிருந்தது. சிசரோ மைந்தர் எனப் பொதுப்படக் கூறுகிறார். பழைய வாழ்க்கைக் குறிப்பொன்று ஐயோபனின் பெயரைச் சொல்லி, பேரனிடம் முதியவர் காட்டிய பரிவே பொறாமைக்குக் காரணம் என்கிறது. மன்றத்தில் முதியவர் வேறொன்றும் பேசாமல், தாம் அப்போது எழுதிக்கொண்டிருந்த நாடகத்தைப் படித்துக்காட்டி, இஃது அறிவிழந்தவன் எழுத்தா என்று வினவினாராம். வழக்கு தள்ளுபடியாயிற்று; அரங்கிலிருந்து வெற்றியோடு செல்பவரைப்போல அவரை மக்கள் ஆரவாரத்துடன் அழைத்துச் சென்றனர் என்கிறார் புளூட்டார்க்.

கதை இனியது; ஆயின் முழுமையாக நம்புவதற்குத் தடை உண்டு. கவிஞர் மறைந்த சில மாதங்களில், கி.மு. 405இல் அரங்கேறிய அரிஸ்டோபேனிசின் ‘தவளைகள்’ என்னும் அங்கத நாடகத்தில் ஐயோபன் பெயர் வருகிறது. தந்தையின் துணையின்றி இவனால் தனித்து நல்ல நாடகம் எழுத முடியுமா, பொறுத்திருந்து பார்ப்போம் என்பதே அங்குள்ள கேலி. தந்தையை மன்றத்துக்கு இழுத்த மகனாயின், எவரையும் விட்டுவைக்காத அந்நாவினர் அதை விட்டிருப்பாரா? தந்தையும் மகனும் இறுதிவரை ஒன்றாய் எழுதினர் என்ற எண்ணமே ஊரில் இருந்தது போலும். ஏதோ ஒரு நகைச்சுவை நாடகக் காட்சி பிற்காலத்தில் வரலாறாகிவிட்டது என்று கொள்வதே பொருத்தம். எனினும் ஈராயிரம் ஆண்டுகளாக மக்கள் இதனை விரும்பி நம்பியது ஏன்? அந்நாடகத்தைப் படித்தவர்க்கு, இதை எழுதிய முதியவர் பிள்ளைகளால் புண்பட்டவராகத்தான் இருந்திருப்பார் என்று தோன்றியதே காரணம்.

அதுதான் ‘கொலோனசில் ஈடிபஸ்’.

பார்வையிழந்து, கந்தலுடுத்து, மகள் ஆன்டிகனியின் கைபற்றி ஊர் ஊராய் அலைந்த முதிய ஈடிபஸ் ஒரு சோலையில் வந்து அமர்கிறான். முந்திரிக்கொடியும் ஒலிவமும் அடர்ந்து, குயிலினும் இனிய இசைப்பறவைகள் பாடும் இடம். அது யூமனிடிஸ் என்னும் தெய்வமகளிர்க்கு உரிய, எவரும் கால் வைக்கக்கூடாத நிலம் என்று அவ்வழி வந்தவன் ஒருவன் எச்சரிக்கிறான். பழிக்குப் பழி வாங்கும் அச்சந்தரும் தெய்வங்கள் அவை. அப்பெயரைக் கேட்டதும் முதியவன் எழுந்து விலகவில்லை. வந்து சேரவேண்டிய இடம் வந்துவிட்டது என்று உணர்கிறான். தந்தையைக் கொன்று தாயை மணப்பான் என்று சொன்ன அதே அருள்வாக்கு, இத்தெய்வங்களின் நிலத்தில் அவன் அலைச்சல் முடியும் என்பதையும் சொல்லியிருந்தது. கேடு மட்டுமே நம் கண்ணில் பட்ட ஊழுக்குள் ஓய்வும் எழுதப்பட்டிருந்தது என்பதை முதல் நாடகம் நமக்குச் சொல்லவில்லை.

ஊர் முதியோர் அவன் பெயரைக் கேட்டதும் நடுங்கி வெளியேறச் சொல்கின்றனர். அப்போது அவன் எடுத்துவைக்கும் வாதமே நாடகத்தின் நடுநரம்பு. இவை நான் செய்த செயல்கள் என்பதைவிட எனக்கு நேர்ந்தவை என்பதே பொருந்தும் என்கிறான். எதிர்த்து அடித்தவனை அடித்தேன். அவன் தந்தை என்று அறியேன். மணந்தவள் தாய் என்று அறியேன். சட்டத்தின் முன் நான் தூயவன். கண்ணைக் குத்திக்கொண்ட அன்று தன்னையே முழுக் குற்றவாளியாகத் தீர்த்த அதே மனிதன், பல்லாண்டு அலைந்தபின், செயலையும் எண்ணத்தையும் பிரித்துப் பார்க்கக் கற்றிருக்கிறான். செயலை நிய்யத்தைக் கொண்டு அளக்கும் மரபில் வளர்ந்த நமக்கு இவ்வாதம் அயலாகத் தோன்றுவதில்லை. ஆயினும் அவன் உடலில் கறை உண்டு என்றே அவனும் எண்ணுகிறான். காப்பாற்றிய தீசியசின் கையைப் பற்ற நீட்டியவன், தீட்டுடையேன் என்று தன் கையை மடக்கிக்கொள்ளும் இடம் உருக்கமானது. குற்றம் நீங்கிற்று, கறை நீங்கவில்லை.

தீசியஸ் அவனை எந்த நிபந்தனையும் இன்றி ஏற்றுக்கொள்கிறான். தானும் அயலூரில் வளர்ந்தவன், அயலானின் துயரை அறிவேன் என்பதே அவன் கூறும் காரணம். ஈடிபஸ் தன் உடலையே கொடையாகத் தருகிறான்: தன் கல்லறை இம்மண்ணில் இருக்கும்வரை தீப்ஸ் படை ஏதென்சை வெல்லாது. அவன் கல்லறையால் பயன் உண்டு என்பதைத் தீப்சாரும் அறிந்துவிட்டனர். துரத்தியவர்களே தேடி வருகின்றனர். கிரியான் வந்து நயமாகப் பேசி, இசையாமையால் மகளிர் இருவரையும் கவர்ந்து செல்கிறான்; தீசியஸ் மீட்டுத் தருகிறான். இப்பகுதி சற்று நீண்டுவிட்டதென்றே நாம் கருதுகிறோம்.

அடுத்து வரும் மகனின் காட்சியில்தான் நாடகம் தன் கடுமையைக் காட்டுகிறது. இளையவன் எட்டியோகிளிசால் துரத்தப்பட்ட பாலினைசிஸ், ஆர்கோஸ் படையோடு தீப்சைத் தாக்கப் போகுமுன் தந்தையின் ஆசியை வேண்டி வருகிறான். தந்தையின் கந்தலையும் மெலிவையும் கண்டு அழுகிறான். தான் தவறினேன் என்கிறான். ஈடிபஸ் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். தீய பிள்ளைகள் பிறர்க்கும் உண்டு, அவர்கள் பொறுக்கவில்லையா, அவன் பேசுவதையேனும் கேளுங்கள் என்று ஆன்டிகனி முன்னரே மன்றாடியிருந்தாள். கேட்கிறான், கேட்டபின் சபிக்கிறான். என்னைத் தெருவில் விட்டவன் நீ. நீயும் உன் தம்பியும் ஒருவர் கையால் ஒருவர் மடிவீர்கள் என்கிறான்.

பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைக்கு இத்தண்டனை தகும் என்று நம்முள் முதியோர் கூறலாம். மகன் அழுதது ஆட்சி வேண்டியே, அன்பால் அன்று என்பதும் உண்மை. ஆயினும் எங்கோ ஓர் அயல்மன்னன் தனக்குக் காட்டிய பரிவில் ஒரு துளியைத் தன் மகனுக்கு அவன் காட்டவில்லை. அறியாமல் செய்த பிழைக்கு உலகம் தன்னைப் பொறுக்கவேண்டும் என்று வாதிட்டவன், அறிந்து செய்த பிழையைப் பொறுக்க மறுத்தான். மீட்சி அவனோடு நின்றுவிட்டது, குடும்பத்துக்குள் இறங்கவில்லை. பெருங்கவிஞர் இதை மறைத்து, தந்தையையும் மகனையும் தழுவச் செய்து நாடகத்தை முடித்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை.

போகுமுன் பாலினைசிஸ் தங்கையரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறான்: தந்தையின் சாபம் பலித்தால், என்னை அடக்கம் செய்யாமல் விட்டுவிடாதீர்கள்.

இடி முழங்குகிறது. அதுவரை மகளின் கைபற்றி நடந்த குருடன் எழுந்து, எவர் துணையுமின்றித் தானே முன்னே நடந்து மற்றவர்க்கு வழி காட்டுகிறான். மகளிர் நீராட்டித் தூய ஆடை உடுத்துகின்றனர். அவர்கள் பட்ட துன்பத்துக்கெல்லாம் தன் அன்பு ஒன்றே ஈடு என்று சொல்லிப் பிரிகிறான். ஏன் காலம் தாழ்த்துகிறாய் என்று விண்ணினின்று ஒரு குரல் அவனை அழைக்கிறது. தீசியஸ் மட்டுமே உடனிருக்க மறைகிறான். சற்றுத் தொலைவு சென்று திரும்பிப் பார்த்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், காணவொண்ணாத ஒன்றைக் கண்டவன்போல் தீசியஸ் கையால் கண்களை மறைத்து நின்றதே. கல்லறை எங்குள்ளது என்பதை மகளிர்க்கும் சொல்ல அனுமதியில்லை.

இந்நாடகத்தின் அரங்கேற்றத்தைக் காணச் சோபோக்ளிஸ் இருக்கவில்லை. கி.மு. 406இல் யூரிப்பிடிஸ் மறைந்த செய்தி வந்தபோது, விழா முன்னோட்டத்தில் அவர் துயர் உடை அணிந்து, தம் குழுவினரை மாலை சூடாமல் நிறுத்தினார். மக்கள் அழுதனர் என்பது மரபு. ஓராண்டுக்குள் தாமும் மறைந்தார். டெசிலியா செல்லும் வழியிலிருந்த குடும்பக் கல்லறையில் அவரை அடக்கினர். பகைவர் பிடியில் இருந்த வழி அது. முன்னொரு காலத்தில் மருத்துவக் கடவுள் அஸ்கிளேப்பியசின் வழிபாடு ஏதென்சுக்கு வந்தபோது அதற்குத் தம் இல்லத்தில் இடமளித்தவர் என்பதால், அம்மக்கள் தம் சமய வழக்கப்படி அவருக்கு ‘வரவேற்றவர்’ எனப் பொருள்படும் டெக்சியோன் என்னும் பெயர் சூட்டிச் சிறப்புச் செய்தனர் என்பர்.

கி.மு. 404இல் ஏதென்ஸ் பணிந்தது. நகரையே தரைமட்டமாக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர்களுள் தீப்சார் உண்டு. ஸ்பார்ட்டா மறுத்தது, சுவர்கள் மட்டும் இடிக்கப்பட்டன. முப்பதின்மர் கொடுங்கோலாட்சி தொடங்கிற்று. வியப்பென்னவெனில், அதற்குத் தப்பியோடிய ஏதென்ஸ் மக்களாட்சியாளருக்குப் புகலிடம் தந்ததும் அதே தீப்ஸ்தான். கி.மு. 403இல் மக்களாட்சி மீண்டது. பழைய தீங்குகளை நினைவுகூர்ந்து பழிவாங்குவதில்லை என்று குடிமக்கள் உறுதிமொழி எடுத்துக்கொண்டனர்.

அந்த மக்கள் முன்னிலையில் கி.மு. 401இல் ‘கொலோனசில் ஈடிபஸ்’ மேடையேறியது. மேடையேற்றியவர் ஐயோபன் அல்லர். சிசியோன் நகரத்தாளின் மகனுக்கு மகனான இளைய சோபோக்ளிஸ். அவர் பின்னாளில் சொந்த நாடகங்களும் எழுதிப் பரிசுகள் பெற்றார்.

நம் மாணவர் பலர் ‘ஈடிபஸ் மன்னன்’, ‘கொலோனசில் ஈடிபஸ்’, ‘ஆன்டிகனி’ மூன்றையும் அவ்வரிசையில் எழுதப்பட்ட ஒரே தொகுதி என எண்ணுகின்றனர். கதை வரிசை அது; எழுதிய வரிசை வேறு. ‘ஆன்டிகனி’யே அவற்றுள் முந்தியது. இறுதி நாடகத்தின் கடைசிக் காட்சியில், தந்தையை இழந்த ஆன்டிகனி அழுது ஓய்ந்தபின் தீசியசிடம் ஒரு வரம் கேட்கிறாள். தங்களைத் தீப்சுக்கு அனுப்பவேண்டும். அண்ணன் தம்பியர் ஒருவரையொருவர் கொல்லுமுன் தடுக்க முடியுமா என்று பார்க்கவேண்டும். தீசியஸ் இசைகிறான். அவள் புறப்படுகிறாள். அங்கே அவளுக்காக என்ன காத்திருக்கிறது என்பது அரங்கில் அமர்ந்திருந்தோர்க்குத் தெரியும். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கவிஞர் அதனை அவர்களுக்குச் சொல்லி முடித்திருந்தார்.